இனி யாரும் வண்டி ஏற வேண்டியதில்லை

கேள்வி, சுருக்கமாக: நானும் என் கணவரும் நான்கு வருடம் வேறு வேறு நாட்டில் இருந்தோம். ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நாள் சந்திப்போம். அந்த நாட்கள் எல்லாம் திருவிழா மாதிரி போகும். இப்போது ஒரே வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. வாரம் தவறாமல் வெளியே போகிறோம். ஆனால் கிளம்பும்போதே ஒரு சண்டை. பாதி வழியில் பேச்சு நின்றுவிடுகிறது. வீடு திரும்பும்போது எனக்குக் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. பிரிந்திருந்தபோது இருந்த ஆசை குறைந்துவிட்டதா? சேர்ந்து வெளியே போவதை எப்படி ரசிப்பது? அடுத்த மாதம் ஐந்து நாள் பயணம் ஒன்று போட்டிருக்கிறோம். அதை ரத்து செய்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

பதில்:

பயணத்தை ரத்து செய்யாதீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் இரண்டு சின்ன மாற்றங்கள் மட்டும் செய்யச் சொல்வேன், அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன். ஆசை குறைந்துவிட்டதா என்ற பயத்துக்கும் இப்போதே பதில்: நீங்கள் எழுதியதில் அதற்கான அடையாளம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஆசை விட்டுப்போனவர்கள் வாரம் தவறாமல் சேர்ந்து கிளம்ப மாட்டார்கள். கிளம்பினது ஏன் சரியாக அமையவில்லை என்று உட்கார்ந்து கவலைப்படவும் மாட்டார்கள்.

தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அதற்கு முன் நானும் என் கணவரும் ஆறு வருடம் கடல் தாண்டிப் பிரிந்திருந்தவர்கள். அதனால் இந்தப் பதிலில் படித்ததும் இருக்கும், பட்டதும் இருக்கும்.

அழுகையிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அதைக் "காரணமே இல்லாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் இருக்கிறது. நாங்கள் சேர்ந்து வாழ வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்காவில் உட்கார்ந்திருந்தோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாமலே என் கை பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே துழாவிக்கொண்டிருந்தது. "என்ன தேடுற?" என்று அவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, பாஸ்போர்ட்டைத் தேடியிருக்கிறேன். ஆறு வருடமாக நாங்கள் சேர்ந்து கழித்த ஒவ்வொரு நல்ல பொழுதும் ஒரு விமான நிலையத்தில் போய் முடிந்திருந்தது. வெயில் இறங்கினால் பெட்டி கட்ட வேண்டும் என்று உடம்பு பழகியிருந்தது. இனி யாரும் வண்டி ஏற வேண்டியதில்லை என்ற செய்தி மூளைக்குப் போய்விட்டது, கைக்கு இன்னும் போகவில்லை. அன்று நானும் அழுதேன்.

உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல நாள் முடிகிறது என்றால் பிரிவு வருகிறது என்று நான்கு வருடமாக ஒரே பாடம் படித்திருக்கிறீர்கள். ஐந்து மாதத்தில் அது மறக்காது. அடுத்த முறை அழுகை வரும்போது அவரிடம் மறைக்காதீர்கள். "ஊருக்குக் கிளம்புகிற மாதிரி இருக்கு" என்று ஒரு வரி சொல்லுங்கள். சொல்லாவிட்டால், தன்னோடு வெளியே வந்தது பிடிக்காமல்தான் அழுகிறாள் என்று அவர் கணக்குப் போடுவார். அந்தத் தப்புக் கணக்கிலிருந்து அடுத்த வாரச் சண்டை ஆரம்பமாகும்.

சரி, இப்போது கொஞ்சம் பின்னால் போய், அந்தத் திருவிழா நாட்களைப் பார்ப்போம். தூரத்தில் இருந்து சந்திக்கும் நாட்களுக்கு என்று ஒரு தனி அமைப்பு உண்டு. எத்தனை நாள் என்று முன்பே தெரியும். அதனால் ஒரு மணி நேரமும் வீணாகக் கூடாது. போகும் இடமெல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். இருவரும் நல்ல உடை, நல்ல முகம். எரிச்சல் வந்தால் விழுங்கிவிடுவோம்: "இருப்பதே பத்து நாள், இதுக்குப் போய் சண்டையா?" வந்தவர் விருந்தாளி, இருப்பவர் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வார், விருந்தாளி எல்லாவற்றையும் பாராட்டுவார். அது பொய் என்று சொல்லவில்லை. அந்தச் சந்தோஷம் நிஜம்தான். ஆனால் அது சந்திப்புக்கான பழக்கம். அதே பழக்கத்தோடு ஒவ்வொரு வார இறுதியும் கிளம்பினால் மூச்சு முட்டத்தான் செய்யும். வருடத்தில் 20 நாள் ஓடிய ஓட்டத்தை யாராலும் 52 வாரம் ஓட முடியாது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. லாரா ஸ்டாஃபோர்ட், ஆண்டி மெரோல்லா, ஜனெசா காசில் ஆகியோர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அடிக்கடி இந்த மாதிரித் தம்பதிகளிடம் சொல்வேன். தூரத்தில் இருந்து காதலித்து, பிறகு ஒரே ஊருக்கு வந்துசேர்ந்த அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைப் பற்றியது. சேர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் மூன்று மாதத்துக்குள் பிரிந்துவிட்டார்கள். பயந்துவிடாதீர்கள். அவர்கள் மாணவர்கள், மணமாகாதவர்கள். நீங்கள் ஐந்து மாதம் தாண்டிவிட்டீர்கள். நான் இதைச் சொல்வது வேறு காரணத்துக்காக. சேர்ந்தே இருந்தவர்கள்கூட என்ன சொன்னார்கள் என்று பாருங்கள்: கூட இருக்க நேரம் கிடைத்தது சந்தோஷம்; ஆனால் தனக்கென்று இருந்த சுதந்திரம் போய்விட்டது, நேரத்தைப் பங்கு போடுவது கஷ்டமாகிவிட்டது, சண்டை கூடியது, துணையைப் பற்றிப் புதிதாகத் தெரிந்த விஷயங்களில் நல்லதும் இருந்தது கெட்டதும் இருந்தது. சிலர் தூரத்தில் இருந்த நாட்களின் சில அம்சங்களுக்காக ஏங்கவும் செய்தார்கள். இந்த ஏக்கம் வந்தால் அன்பு போய்விட்டது என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். வெளியே சொல்லக்கூட வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

நம் பழைய திணை மரபில் இதைப் பற்றி ஒரு நுட்பம் இருக்கிறது. பிரிவைப் பாலை நிலத்தில் வைத்தார்கள். ஊடலை எங்கே வைத்தார்கள்? தண்ணீர் பாயும் வயல் உள்ள மருதத்தில். அந்தப் பாடல்களில் ஊடலுக்குக் காரணம் பெரும்பாலும் தலைவனின் பரத்தையர் உறவு. அதை இங்கே இழுக்க நான் வரவில்லை. ஆனால் ஊடல் என்பது வறண்ட பிரிவில் விளைவதில்லை, குடும்பமாக ஒரு வீட்டில் இருக்கும் செழிப்பில் விளைவது என்று அவர்கள் கண்டுவைத்திருந்தது எனக்கு எப்போதும் ஆறுதலாக இருக்கும். நீங்கள் பாலையைக் கடந்து வயலுக்கு வந்திருக்கிறீர்கள். இங்கே சேறும் இருக்கும்.

பேச்சு நின்றுபோவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இதில் கொஞ்சம் நின்று பேச ஆசை, ஏனென்றால் தேவையில்லாமல் பயமுறுத்துவது இதுதான். தூரத்தில் இருந்தபோது உங்கள் உறவு முழுக்கப் பேச்சில்தான் இருந்தது. போனில் ஐந்து விநாடி மௌனம் வந்தால் "ஹலோ, கேட்குதா?" என்போம். மௌனம் என்றால் லைன் போய்விட்டது என்று அர்த்தம், இல்லாவிட்டால் கோபம். 2013-ல் கிரிஸ்டல் ஜியாங், ஜெஃப்ரி ஹான்காக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், தூரத்தில் இருக்கும் ஜோடிகள் பக்கத்தில் இருப்பவர்களைவிட மனம் திறந்து அதிகம் பேசுகிறார்கள், துணையை உயர்வாகக் கற்பனை செய்துகொள்ளவும் செய்கிறார்கள், அதனால் நெருக்கமும் குறைவதில்லை என்று கண்டார்கள். அந்தப் பேச்சு உங்களைக் காப்பாற்றியது. ஆனால் இப்போது பக்கத்தில் ஆள் இருக்கிறார். லைன் போக வழியே இல்லை.

ஒருமுறை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தோம். முக்கால் மணி நேரம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வயிற்றில் ஏதோ பிசைந்தது. "கோபமா இருக்கீங்களா?" என்றேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பி, "இல்லையே, ஜன்னல் வழியா பார்த்துட்டு இருக்கேன்" என்றார். அவ்வளவுதான் விஷயம். ஒரு மனிதன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருடத்தில் அவர் ஜன்னல் வழியாகப் பார்ப்பதை நான் பார்த்ததே இல்லை, ஏனென்றால் போனில் அது தெரியாது. அன்றைக்குப் பிறகு நானும் வெளியே பார்க்கக் கற்றுக்கொண்டேன். பாதி வழியில் பேச்சு நின்றால் அதை நிரப்ப விஷயம் தேடாதீர்கள். இருவரும் என்ன பார்க்கிறீர்களோ அதைப் பாருங்கள். எப்போதாவது ஒருவர், "அங்க பாரேன்" என்பார். நேர் எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசும் இடங்களைவிட, பக்கத்தில் நடந்தோ உட்கார்ந்தோ ஒரே திசையில் பார்க்கும் இடங்கள் ஆரம்ப மாதங்களுக்கு நல்லது. வீடியோ அழைப்பில் வருடக்கணக்காக முகத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். தோளுக்குத் தோள் இருந்ததில்லை.

நடப்பதிலும் ஒன்று கவனித்திருப்பீர்களோ என்னவோ. அவர் வேகம் வேறு, உங்கள் வேகம் வேறு. தனியாக நடந்தே பழகிய இரண்டு பேர். ஒருவர் அரை அடி முன்னால் போய்க்கொண்டே இருப்பார், இன்னொருவருக்கு அது "என்னை விட்டுவிட்டுப் போகிறார்" என்று படும். 2013-ல் ஒரு சின்ன ஆய்வில், ஆண்கள் தங்கள் துணையோடு நடக்கும்போது தங்கள் இயல்பான வேகத்தைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைத்து நடந்தார்கள் என்று பார்த்தார்கள். பழகிய ஜோடிகள் தங்களை அறியாமல் செய்யும் காரியம் அது. உங்களுக்கு இன்னும் அந்தப் பழக்கம் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் போதுமான தூரம் சேர்ந்து நடக்கவில்லை என்பதுதான். இதற்கு அறிவுரை வேண்டியதில்லை. தினமும் இருபது நிமிடம் எங்கேயும் போகாமல் சும்மா சேர்ந்து நடந்தால் இரண்டு மூன்று மாதத்தில் கால்களே பேசி முடித்துக்கொள்ளும்.

அப்புறம், கிளம்பும் நேரத்துச் சண்டை. உங்கள் கடிதத்தில் அது எதைப் பற்றி என்று இல்லை. ஆனால் நான் கேட்டவரை இரண்டு வகைதான் அதிகம். ஒன்று நேரம். "பத்து மணிக்குக் கிளம்பலாம்" என்றால் ஒருவருக்குப் பத்து மணிக்குக் கதவைப் பூட்டுவது, இன்னொருவருக்குப் பத்து மணிக்குக் குளிக்கப் போவது. சந்திப்பு நாட்களில் இது தெரிந்திருக்காது. அப்போது விருந்தாளியின் நேரம்தான் எல்லோருக்கும் நேரம். இதற்கு ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரியும்: கிளம்பும் நேரம் என்று சொல்லாமல் "செருப்பு மாட்டும் நேரம்" என்று பேசிக்கொள்ளுங்கள். கேட்க அற்பமாக இருக்கும். பல வீடுகளில் வேலை செய்திருக்கிறது.

இரண்டாவது, திட்டம் போட்டவரின் மனம். இது ஆழமானது. நான்கு வருடமும் உங்கள் இருவரில் யாரோ ஒருவர்தான் அதிகம் ஏற்பாடு செய்திருப்பார். அவர் தேடி, படித்து, முன்பதிவு செய்து, இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். விருந்தாளியாக இருந்தவர் எல்லாவற்றுக்கும் "ரொம்ப நல்லா இருக்கு" என்றிருப்பார். இப்போது அதே ஆள், ஒரே வீட்டில் வாழும் உரிமையோடு, "இந்த இடம் அவ்வளவா பிடிக்கலை" என்கிறார். சொன்னவருக்கு அது இடத்தைப் பற்றிய கருத்து. கேட்டவருக்கோ, தான் யோசித்து யோசித்துச் செய்த காரியத்தை, கிட்டத்தட்டத் தன்னையே, வேண்டாம் என்று தள்ளிய மாதிரி. இதற்கு வாரம் மாற்றி வாரம் முறை வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வாரம் முழுப் பொறுப்பும் அவருடையது. எங்கே, எப்போது, எப்படி என்பதெல்லாம் அவர் பாடு. அடுத்த வாரம் உங்களுடையது. பொறுப்பு இல்லாதவர் அன்றைக்குத் திருத்தம் சொல்லக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் அடுத்த நாள் சொல்லலாம். எத்தனையோ தம்பதிகளில், இதுவரை ஏற்பாடே செய்யாதவர் முதன்முறையாக ஒன்றை ஏற்பாடு செய்யும்போது கைநடுங்கியிருக்கிறார்கள். அப்படிச் செய்து பார்த்த பிறகுதான், தங்களுக்காக இத்தனை வருடம் என்ன செய்யப்பட்டது என்று புரிந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது, எங்கே போவது என்ற கேள்வி. என் கருத்தைப் பச்சையாகச் சொல்கிறேன்: அடுத்த சில மாதங்களுக்குப் பார்க்க வேண்டிய இடங்களைக் குறைத்து, செய்ய வேண்டிய வேலைகளுக்குச் சேர்ந்து வெளியே போங்கள். நாங்கள் சேர்ந்து வாழ வந்த முதல் மாதத்தில் பெரிய பெரிய இடங்களுக்கெல்லாம் போனோம், ஒன்றும் மனதில் தங்கவில்லை. மனதில் தங்கியது வீட்டுக்கு இரண்டாவது சாவி போடப் போனது. வரிசையில் நின்றோம். சாவியைக் கடையும் இயந்திரம் பல்லைக் கூச வைக்கும்படி கிறீச்சிட்டது, நான் காதைப் பொத்திக்கொண்டேன், அவர் சிரித்தார். கடைக்காரர் புதுச் சாவியைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது இன்னும் சூடாக இருந்தது. நாங்கள் இருவரும் அதை மாறி மாறிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வீடு வரை நடந்தோம். இருபது நிமிடம்கூட ஆகாத வேலை. அந்த ஆறு வருடமும் என்னிடம் இல்லாதது என்ன என்று அந்தச் சாவியைப் பிடித்திருந்தபோதுதான் தெரிந்தது. ஊர் ஊராகச் சுற்றுவது எங்களுக்கு முன்பே வாய்த்திருந்தது. இந்த மாதிரி அவசரமே இல்லாத அற்ப வேலைக்கு இருவரும் போவது வாய்க்கவே இல்லை.

அதனால் விளக்கு வாங்கவா, செருப்பு தைக்கவா, நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்கவா, சேர்ந்தே போங்கள். சுற்றுவழியில் போங்கள். நேரத்தை வீணடியுங்கள். உங்களிடம் இத்தனை நாள் இல்லாத செல்வம் அதுதான்.

புதுமை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் பிறகு. உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவருடைய குழுவினரும் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 1993-ல் வந்த ஆய்வு ஒன்றில் மணமான 53 தம்பதிகளைப் பிரித்து, ஒரு பகுதியினரை வாரம் ஒன்றரை மணி நேரம், பத்து வாரத்துக்கு, தங்களுக்குப் பரபரப்பூட்டும் காரியங்களைச் சேர்ந்து செய்யச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரை இதமான, பழகிய காரியங்களை. பரபரப்பானதைச் செய்தவர்களுக்குத்தான் மணவாழ்வில் திருப்தி அதிகம் கூடியது. 2000-ல் இன்னொன்று: கணவன் மனைவி இருவரின் மணிக்கட்டையும் கணுக்காலையும் ஒரு பட்டையால் சேர்த்துக் கட்டி, கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து, ஒரு தலையணையைக் கையால் தொடாமல் இருவர் உடம்புக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நடுவில் உள்ள தடையையும் தாண்டி ஒரு மெத்தை விரிப்பைக் கடக்க வேண்டும். ஏழு நிமிட வேலை. பந்தை மெதுவாக உருட்டும் சலிப்பான வேலை செய்த ஜோடிகளைவிட, இப்படித் தவழ்ந்தவர்கள் தங்கள் உறவை உயர்வாக மதிப்பிட்டார்கள். செலவும் இல்லை, அழகான காட்சியும் இல்லை. இருவரும் சேர்ந்து திணறினார்கள், சேர்ந்து சிரித்தார்கள், அதில் கிடைத்தது.

இந்த ஆய்வுகள் வருடக்கணக்கில் ஒன்றாக இருந்து அலுத்துப்போனவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். உங்களுக்கு இப்போது அலுப்பு இல்லை. எதிர்மாறாக, எல்லாமே புதிது: அவர் எப்படித் தூங்குகிறார், மழை வந்தால் எப்படி எரிச்சல்படுகிறார், கூட்டத்தில் எப்படி ஒதுங்குகிறார். இந்தப் புதுமையே திகட்டும் அளவுக்கு இருக்கும்போது வெளியேயும் புதுமையைத் தேடி ஓடுவதால்தான் களைப்பு வருகிறது என்பது என் கணிப்பு. ஒரு வருடம் போகட்டும். பழகிய தடம் கொஞ்சம் ஆழமாகப் பதிந்த பிறகு, இருவருக்கும் தெரியாத ஒன்றைச் சேர்ந்து கற்றுக்கொள்ளப் போங்கள். படகு ஓட்டுவதோ, மண்பாண்டம் வனைவதோ. இருவரும் ஒரே அளவுக்குத் தெரியாதவர்களாக இருப்பது முக்கியம். ஒருவர் ஆசிரியராகிவிட்டால் அன்றைய பொழுது வகுப்பாகிவிடும்.

புகைப்படம். தூரத்தில் இருந்தவர்கள் எல்லோரிடமும் இந்தப் பழக்கம் இருக்கும், நீங்களும் போகும் இடமெல்லாம் எடுத்துத் தள்ளுவீர்கள் என்றே நினைக்கிறேன். அடுத்த ஆறு மாதப் பட்டினிக்குச் சேர்த்துவைத்த தானியம் அது. 2014-ல் லிண்டா ஹென்கல் என்ற ஆய்வாளர் ஓர் அருங்காட்சியகத்தில் சோதித்துப் பார்த்தார். முழுதாகப் படம் எடுத்த பொருட்களைவிட, எடுக்காமல் வெறுமனே பார்த்த பொருட்களே ஆட்களுக்கு நன்றாக நினைவிருந்தன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. நான் சொல்வது, ஒரு பொழுதுக்கு ஒரு படம் போதும். கிளம்பியதும் எடுத்துவிட்டுப் போனை உள்ளே வையுங்கள். சேர்த்துவைக்க வேண்டிய அவசியம் தீர்ந்துவிட்டது, ஆள் வீட்டிலேயே இருக்கிறார்.

இன்னொரு விஷயம் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் இருவரும் தனித்தனியாகவும் வெளியே போக வேண்டும். "நான்கு வருடம் பிரிந்திருந்தது போதாதா, இப்போதும் தனியாகவா?" என்று தோன்றும். ஆனால் அந்த நான்கு வருடத்தில் உங்கள் இருவருக்கும் ஒவ்வொரு முழு வாழ்க்கை இருந்தது. உங்களுக்கென்று தோழிகள், நீங்கள் மட்டும் போகும் ஒரு பாதை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத சனிக்கிழமை. அவருக்கும் அப்படியே. சேர்ந்து வந்ததும் அதையெல்லாம் கடனே என்று கைவிட்டிருப்பீர்கள், துணைக்காகச் செய்கிற தியாகம் என்று நினைத்து. அப்படி விட்டது மனதின் அடியில் கிடந்து, எந்தக் காரணமும் இல்லாமல் வெளியே போன இடத்தில் எரிச்சலாகக் கிளம்பும். என்னிடம் வந்த ஒரு தம்பதி, மாதத்தில் ஒரு ஞாயிறு ஆளுக்கொரு திசையில் போய்விட்டு இரவு வீட்டில் சந்திப்பது என்று வைத்துக்கொண்டார்கள். அந்த இரவுகளில்தான் பழைய போன் அழைப்பு மாதிரி விடிய விடியப் பேசியதாகச் சொன்னார்கள். சொல்ல ஏதாவது இருக்க வேண்டுமே, அது தனியாகப் போனால்தானே கிடைக்கும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சந்திப்பு நாட்களில் கணக்குப் பார்க்காமல் செலவழித்திருப்பீர்கள். இப்போதும் அதே மாதிரி வாரா வாரம் செலவழித்தால், ஒருவர் வெளியே சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிக்கொண்டிருப்பார். சுற்றுவதற்கு என்று மாதம் ஒரு தொகை ஒதுக்கி அதற்குள் முடித்துக்கொண்டால் அந்தக் கணக்கு நின்றுவிடும்.

நான் இதுவரை சொன்னது எல்லாம் வழக்கமான தடுமாற்றத்துக்கு. ஒன்றை மட்டும் நீங்களே நேர்மையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரோடு வெளியே போகும்போது உங்களுக்குப் பயம் இருக்கிறதா? என்ன உடுத்த வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்று அவர் முடிவு செய்கிறாரா? சண்டை வந்தால் நடுவழியில் விட்டுவிட்டுப் போய்விடுவாரா? எப்போதும் நீங்கள் மட்டுமே மன்னிப்புக் கேட்கிறீர்களா? இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் அது பழகாததால் வரும் சிக்கல் இல்லை, தூரத்தில் இருந்ததால் தெரியாமல் இருந்த வேறொன்று. அப்போது நம்பிக்கையான ஒருவரிடமும் நேரில் ஒரு ஆலோசகரிடமும் பேசுங்கள், காத்திருக்க வேண்டாம். நீங்கள் எழுதிய தொனியில் அப்படி எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கேட்காமல் விடவும் மனம் வரவில்லை.

இனி, அந்த ஐந்து நாள் பயணம். ஐந்து நாளுக்கும் என்னென்ன என்று இப்போதே பட்டியல் போட்டிருப்பீர்கள். அதில் நடு நாளை, மூன்றாவது நாளை, முழுக்க அழித்துவிடுங்கள். அன்றைக்கு எதுவும் வேண்டாம். அலாரம் வைக்காதீர்கள். எழுந்தபோது எழுந்து, தோன்றினால் வெளியே போங்கள், தோன்றாவிட்டால் படுத்திருங்கள். ஒருவருக்குத் தூக்கமும் இன்னொருவருக்கு நடையும் வேண்டியிருந்தால் அப்படியே செய்யுங்கள். முதல் முறை அந்த நாள் சங்கடமாக இருக்கும், வந்த இடத்தில் வீணாகிறதே என்று மனம் அரிக்கும். அரிக்கட்டும், எழுந்து ஓடாதீர்கள்.

கடைசி நாளையும் கொஞ்சம் மாற்றச் சொல்வேன். உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், கலந்துகொண்டவர்களை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கை வைத்திருக்கச் செய்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடிக்குப் பிறகு, இன்னும் 30 விநாடி, நீரை 15 டிகிரிக்கு மெல்ல ஏற்றியபடி. மறுபடி ஒன்றைச் செய்ய வேண்டுமானால் எது என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள், அதில் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். ஒரு அனுபவத்தின் முடிவு அதன் நினைவை அந்த அளவுக்கு மாற்றிவிடுகிறது. உங்கள் நல்ல நாட்கள் எல்லாம் நான்கு வருடமாக மிகக் கடினமான முடிவோடு முடிந்திருக்கின்றன. அதனால் கடைசி நாள் இருட்டிய பிறகு வந்துசேராதீர்கள். மதியமே வீட்டுக்கு வந்துவிடுங்கள். பெட்டியை உடனே பிரிக்க வேண்டாம். கதவை இருவரும் சேர்ந்து திறந்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கை கால் கழுவி, வெயில் இறங்கும் நேரத்தில் இருவரும் வீட்டுக்குள் இருங்கள். அந்த நேரத்தில் அழுகை வந்தால் வரட்டும். அவர் பக்கத்திலேயே இருப்பார், அடுத்த நாள் காலையிலும் இருப்பார். அதை அந்த நேரத்தில், அந்த வெளிச்சத்தில், நான்கைந்து முறை பார்த்துவிட்டால் போதும். எனக்கு ஏழு மாதம் ஆனது.